மூன்று பித்தளைப் பின்கள்

காலை ஏழு மணி பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை, கார்த்திகை மாதத்து மழை. மகளைப் போர்வையில் சுற்றிப் பின் சீட்டில் சாய்த்து வைத்துவிட்டுக் கார் சாவியைத் திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. இழுத்து இழுத்து ஓய்கிற சத்தம்கூட வரவில்லை. சாவி போட்டதும் எரிய வேண்டிய சிவப்பு விளக்கும் எரியவில்லை. மறுபடி திருகினேன். வீட்டுக்குள் யாரும் அணைக்காமல் விட்ட ரேடியோவில் ஏதோ பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஏழேகால் செய்தி தொடங்கியபோது நான் இன்னும் சாவியைத் திருகிக்கொண்டுதான் இருந்தேன். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பது அதனால்தான்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று வயதிலிருந்தே இளைப்பு. மழைக்காலம் வந்தால் மாதத்துக்கு இரண்டு தடவையாவது இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்குவாள். எங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஏற்காட்டில் சிறிய கிளினிக் வைத்திருந்தார். சனிக்கிழமை மாலையே சேலத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு இறங்கிவிடுவார், திங்கள் காலை மேலே வருவார். போன வருடமே என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "மாத்திரைக்குக் கேக்கலைன்னா காத்துக்கிட்டு இருக்காதீங்க டீச்சர். நேரா சேலம் போயிருங்க. ஆக்சிஜன் வெக்கணும்." அன்று விடிகாலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் மாத்திரை கொடுத்திருந்தேன். ஆறரைக்கு அவள் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்வந்தது. போர்வைக்கு மேலாகவே அது தெரிந்தது. சேலம் போயாக வேண்டும். அதற்குத்தான் அந்தக் கார்.

கார் என் மாமனாருடையது. அதைவிட வயதில் பெரிய கார்கள் ஏற்காட்டில் நாலைந்துதான் இருந்தன. அவர் போனபின், வெள்ளக்கடைக் கிராமத்துப் பக்கத்து மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்தோடு அதுவும் எங்களுக்கு வந்தது. கணவருக்குப் பம்பாயில் வேலை, வருடத்துக்கு இரண்டு முறை வருவார். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. காரை ஓட்டக் கற்றுக்கொண்டதே மகளின் மூச்சுக்காகத்தான்.

அடுத்த வீடு என்றால் ஒரு கூப்பிடு தூரம். அங்கே இருந்த அம்மா தலைமுறை தலைமுறையாக இந்த மலையிலேயே விவசாயம் செய்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர். சாமையும் ராகியும் கொஞ்சம் காப்பியும் போட்டிருந்தார்கள். நாலு மாடுகள் உண்டு. நான் சாவியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டுத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, பாப்பாவுக்கு மறுக்கா முடியலீங்களா?"

"சேலம் போகணும். வண்டி எடுக்க மாட்டேங்குது."

"பால் வண்டி இப்ப வந்துருமுங்க. ஓட்டறவன் எங்க பங்காளி ஊட்டுப் பையன்தான். முன்னால உக்கார வெச்சுக்கிட்டு நீங்களும் ஏறிக்குங்க. நிக்காம எறக்கி உட்டுருவான்."

அந்த வண்டி எனக்குத் தெரியும். முன் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். சீட்டில் பஞ்சு வெளியே தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போகும். மழையில் உள்ளே சாரல் அடிக்கும். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையை அதில் எப்படி ஏற்றுவது என்று நினைத்தேன். இது ஒரு காரணம். கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை பால் வண்டியில் போவதா என்றும் ஓர் எண்ணம் ஓடியது. இரண்டாவதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

"வேண்டாங்க. சின்னக் கோளாறாத்தான் இருக்கும். மெக்கானிக்கை மட்டும் வரச்சொல்லுங்க" என்றேன். அவர் தன் மகனை வெள்ளக்கடைக்கு அனுப்பினார். பால் வண்டி எங்கள் வாசலைத் தாண்டிப் போனபோது நான் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு மெக்கானிக் தன் மோட்டார் சைக்கிளில் வந்தார். தோட்டங்களின் பம்ப் மோட்டாரும் இரு சக்கர வண்டிகளும் பார்க்கிறவர். முப்பது வயதிருக்கும். கை வேலை செய்துகொண்டே இருக்கும், வாய் கேலி பேசிக்கொண்டே இருக்கும். எஞ்சினையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கிற தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கட்டை பொருத்தியிருந்தது. எஞ்சினிலிருந்து வரும் ஒயர்களெல்லாம் அங்கே வந்துதான் உள்ளே போகும். கனெக்டர் என்றார். மேல் பாதியைப் பிடித்து அவர் இழுத்ததும் பச்சைப் பொடி உதிர்ந்தது. உள்ளே இருந்த பித்தளைப் பின்களில் மூன்று, களிம்பேறி இற்றுப்போய், அவர் கையோடு ஒடிந்து வந்தன.

அவர் மூக்கைச் சுளித்துச் சுற்றிலும் பார்த்தார். "வண்டிய எங்கீங்க நிறுத்துவீங்க?"

ஷெட்டைக் காட்டினேன். கூரை போட்ட இடம் எங்களிடம் அது ஒன்றுதான். காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் மெஷின் ஒரு பக்கம். தோலுரித்த கொட்டையைப் புளிக்க வைக்கும் தொட்டி அதை ஒட்டி. தொட்டிக்கு மூன்றடி தள்ளிக் கார். அறுவடை மாதங்களில் அந்தப் புளித்த வாடை துணியில், தலைமுடியில், சோற்றில்கூட ஒட்டிக்கொள்ளும். மழை நனைக்கக் கூடாது என்று மூன்று அறுவடைக் காலமாகக் காரை அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

"புளிச்ச தண்ணி ஆவிங்க. பித்தளைய அப்படியே தின்னுபோடும். எஸ்டேட்காரங்க ஒருத்தரும் பல்பர் பக்கம் வண்டி உட மாட்டாங்க." பிறகு வழக்கம்போல் சிரித்தார். "ஏனுங்க, புள்ளைங்களுக்கெல்லாம் ஆசிட் பாடம் நடத்தறீங்க. இந்த வண்டிக்கு ஒரு நாளு நடத்தியிருக்கலாமுல்லீங்க?"

நான் சிரிக்கவில்லை. முந்தின வாரம்தான் ஒன்பதாம் வகுப்பில் இதையே கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தேன்.

ஒயர்களை நேராக முறுக்கி இணைத்துவிடலாம் என்று அவர் முதலில் நினைத்தார். ஆனால் கீழ்ப் பாதி தகட்டோடு பதிந்திருந்தது. அதன் மறுபக்கத்து ஒயர்களைத் தொட வேண்டுமானால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், அரை நாள் வேலை. எனவே எஞ்சின் பக்கத்து ஒயர் நுனிகளைச் சீவி, செம்புக் கம்பியை முறுக்கி, அந்தக் கட்டையின் ஓட்டைகளிலேயே செருகிப் பார்த்தார். எஞ்சின் ஒரு முறை உறுமியது. "பாத்தீங்களா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நின்றது. இரண்டாம் முறை திருகியபோது செருகிய இடத்திலிருந்து பொறி பறந்து புகை வந்தது. மகள் பின் சீட்டில்தான் இருந்தாள். ரப்பர் எரிந்த புகை அவள் பக்கம் போனது. அடுத்த வீட்டு அம்மாவும் நானுமாக அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினோம். அவள் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. வார்த்தைக்கு ஒரு மூச்சாக, "அம்மா. வண்டி. போகலையா" என்று கேட்டாள்.

"கம்பி லூசா நிக்குதுங்க" என்றார் மெக்கானிக். கேலி இப்போது அவர் குரலில் இல்லை. "ஓட்டைக்குச் சரியா ஒரு மூணு பின் இருந்தாப் போதும். பத்து நிமிசத்துல எடுத்துருவேன்."

மூணு பின். பத்து நிமிடம். அந்தக் காலை முழுவதும் என்னைக் கட்டிப்போட்டது இந்தக் கணக்குத்தான். பெரிய பழுதாக இருந்திருந்தால் காரை விட்டுவிட்டு வேறு வழி பார்த்திருப்பேன். எஞ்சினே உடைந்திருந்தால் என் மகள் தப்பித்திருப்பாள். தீக்குச்சியைவிடச் சற்றே தடித்த, அரை விரல் நீளமுள்ள மூன்று பித்தளைத் துண்டுகள்தான் குறை என்றதும், அதைத் தேடுவதே அவளைக் காப்பாற்றும் வேலை என்று ஆகிவிட்டது.

மகளை அந்த அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மெக்கானிக்கின் பின்னால் ஏறிக்கொண்டு ஏற்காட்டுக் கடைத்தெருவான ஒண்டிக்கடைக்குப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை பூட்டியிருந்தது. மாடியிலிருந்த கடைக்காரரைக் கூவி எழுப்பினோம். சேலத்துக்காரர், பல் தேய்த்துக்கொண்டே இறங்கி வந்தார். மூன்று டப்பாக்களைக் கொட்டிப் பார்த்தார். இருந்ததெல்லாம் தட்டையான பின்கள்.

"இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் தட்டைப் பின்னுதானுங்க. உருண்டைப் பின்னுக்கு நான் எங்கீங்க போறது? கீழ சேலத்துலயே பழைய சாமான் கடையில கெடச்சாத்தான்."

கடைக்கு எதிரே ஒரு டாக்சி நின்றது. டிரைவர் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர், "சாப்பிட ஊட்டுக்குப் போயிருக்கானுங்க. அரை மணியில வந்துருவான்" என்றார். மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். "டாக்சிக்கே நிக்கலாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் கடைக்காரர் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட, சேர்வராயன் கோயில் ரோட்டுல அந்த பங்களா ஷெட்டுல உங்க வண்டி மாதிரியே ஒண்ணு கெடக்குதுல்ல! அதே கனெக்டருதானுங்க. நானே பாத்திருக்கேன்."

ஆறு கிலோமீட்டர். அரை மணி நேரம் டிரைவருக்காக நிற்பதா, அதே அரை மணியில் பின்களோடு திரும்புவதா? இரண்டாவதைச் சொன்னேன். கையில் இருக்கப்போவது என் கார், என் சாவி. அப்படித்தான் நினைத்தேன்.

பங்களா பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காக்கிச் சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருந்தார். ஷெட்டில் அந்தக் கார் நாலு சக்கரத்திலும் காற்றில்லாமல் உட்கார்ந்திருந்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடை கிடந்தது.

"மொதலாளி வண்டியத் தொடப்படாதுங்க."

"உங்க மொதலாளி இந்தப் பக்கம் வந்து எத்தன வருசமாச்சு?" என்றார் மெக்கானிக். "வண்டிக்குள்ள கோழி குடும்பம் நடத்துது. அதுக்கு மட்டும் பர்மிசன் குடுத்தாருங்களா?"

"கோழி எம்படதுங்க. அது ஒண்ணையும் கழட்டிக்கிட்டுப் போகாது."

நான் இடையில் புகுந்தேன். மகளுக்கு மூச்சு முட்டுகிறது, சேலம் கொண்டுபோக வேண்டும், மூன்று பின் போதும் என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவர் குடையை என் பக்கம் சாய்த்தார்.

"அழாதீங்க டீச்சரம்மா. என்ற பேத்தியும் உங்க பள்ளிக்கொடத்துலதான் படிக்கிறா. தரமாட்டேன்னு சொல்லலீங்க. எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்குங்க. நாளைக்கு ரைட்டர் வந்து கேட்டா நான் என்ன காட்டறது?"

எஸ்டேட்டில் ஒரு மண்வெட்டி இடம் மாறினாலும் கணக்கெழுதும் ரைட்டரின் நோட்டில் ஏறும். அந்த ஒழுங்கில் வாழ்நாள் முழுதும் வேலை பார்த்தவர் அவர். காகிதம் தேடி, பென்சில் தேடி, ஷெட் சுவரில் வைத்து எழுதினேன். பாதியில் கூரைச் சொட்டு விழுந்து எழுத்து கலைந்தது. அவர் வேறு தாள் கொண்டுவந்தார். இரண்டாவதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். "எத்தன பின்னுன்னு போடலீங்களே" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்று என்று எழுதினேன். அதற்குள் மெக்கானிக் கனெக்டரைப் பிரித்துவிட்டிருந்தார். அதிலும் பாதிக்கு மேல் பச்சை. நல்ல பின் இரண்டுதான் தேறியது.

"மூணுன்னு எழுதிப்போட்டீங்க" என்றார் வாட்ச்மேன். "ரெண்டுதானே எடுத்தீங்க. மாத்தி எழுதுங்க."

மெக்கானிக் பல்லைக் கடித்தார். நான் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீடு திரும்பும்போது பதினோரு மணி. மூன்றாவது பின்னுக்கு மெக்கானிக் ஒரு சைக்கிள் ஆரக்காலை வெட்டி அரத்தால் தேய்க்க உட்கார்ந்தார். எட்டு மணிக்கே அதைச் செய்திருக்கலாமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. நான் உள்ளே ஓடினேன்.

அந்த அம்மா மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வாயில் விரலை வைத்துச் சத்தம் போடாதே என்று சைகை காட்டினார்.

"இளைப்பு அடங்கிருச்சுங்க. நொம்ப நேரம் தவிச்சுது சாமி. இப்பத்தான் அசந்து தூங்குது."

உண்மைதான். காலையில் வாசல்வரை கேட்ட அவள் மூச்சின் சீழ்க்கைச் சத்தம் இல்லை. அவள் முகத்தில் தவிப்பு இல்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எழுதவே கூசுகிறது. ஆறுதலாக ஒரு பெருமூச்சு விட்டேன். அதோடு நிற்கவில்லை. இனி அவசரமில்லை, இந்த மழையில் இவளை எழுப்ப வேண்டாம் என்று கால் மணி நேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே காற்று போகாததால்தான் சத்தம் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. சேலத்தில் இளம் டாக்டர் ஒருவர் அதைச் சொன்னார். சத்தம் இருக்கிறவரை காற்று போகிறது என்று அர்த்தம், சத்தம் நின்றால்தான் ரொம்பப் பயப்பட வேண்டும் என்றார். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் தூங்கும்போது மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று எழுந்து போய்ப் பார்க்காத நாள் இல்லை. அவள் சட்டைப் பொத்தானை இன்றும் நான்தான் போட்டுவிடுகிறேன்.

மெக்கானிக் கூப்பிட்டார். பின் மூன்றும் இறங்கிவிட்டன, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகளைத் தூக்கினேன். தூங்குகிற பிள்ளையின் கனம் இல்லை அது. கை தொங்கியது. உதட்டின் நிறத்தை வெளிச்சத்தில்தான் பார்த்தேன். நான் போட்ட கூச்சலில் மெக்கானிக் என்னை ஸ்டியரிங் பக்கமே விடவில்லை. "பின்னால ஏறுங்க!" என்று அதட்டிவிட்டு அவரே ஓட்டினார். அந்த அம்மாவும் ஏறிக்கொண்டு மகளின் உள்ளங்காலைத் தேய்த்தபடியே வந்தார்.

வளைவுகளை நான் எண்ணவில்லை. இரண்டு இடத்தில் எஞ்சின் நின்றது. ஆரக்கால் துண்டு அசைந்துகொண்டே இருந்தது. முதல் தடவை அவர் இறங்கி அழுத்திவிட்டு வந்தார். இரண்டாம் தடவை இறங்கவேயில்லை. எஞ்சின் இல்லாமலே, பிரேக்கை மட்டும் நம்பி, அடிவாரம்வரை உருட்டிக்கொண்டு வந்தார். வளைவுக்கு வளைவு ஜன்னலில் தலையை நீட்டி, "ஒதுங்கு! ஒதுங்கு!" என்று கத்தினார். ஹாரனும் அந்த மூன்று பின்னில் ஒன்றை நம்பித்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். மணி ஒன்றாகப் பத்து நிமிடம். பால் வண்டி ஒன்பது மணிக்கு அந்த வழியாகத்தான் போயிருக்கும்.

மூச்சு திரும்பியது. குழாய் வைத்தார்கள். ஞாயிறு போய்த் திங்களும் போனது. அவள் கண் திறந்தாள். கண் எங்கேயோ மேலே நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். மயக்க மருந்தின் அசதி என்றார் ஒருவர். பார்க்கலாம் என்றார் இன்னொருவர். நர்ஸ்கள் என் கண்ணைப் பார்க்காமல் பேசினார்கள். கணவருக்குத் தந்தி கொடுத்திருந்தேன், அவர் இன்னும் ரயிலில் இருந்தார். நான் என் மகளிடம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் வாய்ப்பாடு அவளுக்குத் தடுமாறும். நான் பாதியில் நிறுத்துவேன், அவள் முடிக்க வேண்டும் என்று காத்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் ஏற்காட்டு டாக்டர் வந்தார். மலையில் செய்தி கேட்டு, கிளினிக்கை மூடிவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கட்டிலின் காலடியில் தொங்கிய தாளைப் படித்தார். டார்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்தார். சாவியின் முனையால் அவள் உள்ளங்காலில் கீறிப் பார்த்தார். இன்னொரு காலிலும் கீறினார். பிறகு போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டு, ஸ்டூலை எனக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"உசுருக்கு இனிப் பயமில்லைங்க டீச்சர்" என்றார். "ஆனா பழைய பொண்ணா திரும்பி வரும்னு நான் உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."